கார் ஏசியில் குளிர் போனால் கேஸ்தான் காரணமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தாம்பரத்தான்

போன கத்திரியில் நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. விழுப்புரத்திலிருந்து செங்கல்பட்டு வரை நல்ல குளிர். பெருங்களத்தூர் நெரிசலில் நின்றதும் வெதுவெதுப்பான காற்று. வண்டி நகர்ந்தால் குளிரும், நின்றால் போய்விடும். பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார்.

பட்டறையில் எதையும் பார்ப்பதற்கு முன்பே, "கேஸ் கம்மியா இருக்கும் சார், ஃபில் பண்ணிடலாம்" என்றார்கள். உள்ளே இருந்த கேஸை மெஷின் உறிஞ்சி எடுத்ததும் திரையில் எடை வந்தது: 410 கிராம். பானட்டுக்கு அடியில் இருந்த ஸ்டிக்கரில் போட்டிருந்த முழு அளவு 420. அதைக் காட்டிக் கேட்டால், "கேஸ் பழசாயிடுச்சு சார்" என்று பதில். மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஆர்134ஏ கேஸ் எப்படிப் பழசாகும்?

அப்புறம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்று வீசும் ஃபேன் சுற்றவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தும் அசையவில்லை. மோட்டாரில் கார்பன் தேய்ந்துபோயிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை ஆற்றியதால்தான் ஹைவேயில் குளிர் இருந்திருக்கிறது. மோட்டாரை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தத் திரையில் தெரிந்த 410ஐத்தான் மறக்க முடியவில்லை.

முத்துநகர்

தாம்பரம் நண்பர் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. அதற்காகக் கேஸ் குறையவே குறையாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் அலுமினியக் கண்டென்சர் அரிப்பது சாதாரணம். என் வண்டியில் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும், உடனே விட்டுவிடும்.

மெக்கானிக் கேஸோடு சாயம் கலந்துவிட்டு, "நாலு நாள் ஓட்டிட்டு ராத்திரி வாங்க" என்றார். ஷெட் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்தார். கண்டென்சரின் கீழ் மூலையில், பம்பருக்குப் பின்னால், பச்சையாக ஒரு கோடு மின்னியது. பகலில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியாத ஓட்டை அது! லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புகிற கடைக்குப் போகாதீர்கள்.

கொங்கு வண்டி

முத்துநகர் சார், சாயம் ஊற்றினால் எல்லாம் தெரிந்துவிடாது. எனக்கு லீக்கும் இல்லை, ஃபேனும் ஓடியது.

கோவையிலிருந்து பெங்களூர், நல்ல மழை. சேலம் தாண்டும் வரை உள்ளே நடுங்கும் குளிர். கிருஷ்ணகிரி நெருங்கும்போது பிளோயர் சத்தம் மட்டும் பெரிதாக, காற்று வாயால் ஊதுவதுபோல வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் வண்டிக்கு அடியில் வாய்க்கால் மாதிரி தண்ணீர். ஏசியைப் போட்டேன், பழையபடி பலமான காற்று!

காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் மேல் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து காற்றை அடைத்திருக்கிறது. காயில் உறையும் முன்பே கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ல வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரிலும் காய்ந்த இலையும் தூசியும் அடைந்திருந்தன. நின்ற பிறகு தண்ணீர் ஓடுகிறது, உடனே காற்று திரும்புகிறது என்றால் கேஸைத் தொடவே விடாதீர்கள்.

பட்டறை அனுபவம்

நான் ஏசி வேலைதான் செய்கிறேன். லீக் அடைக்கும் டப்பாவை வாங்கித் தானே ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தார், கூட மனைவியும் கைக்குழந்தையும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றினால் உள்ளே பசைபோல இறுகிக் கிடந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அந்த டப்பாவை யாரும் வாங்காதீர்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன், கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பும் லோ சைடு, அது அழுத்தி அனுப்பும் ஹை சைடு, இரண்டு பக்கமும் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஆர்134ஏ வண்டிக்கு, இன்ஜின் ஓடும்போது, லோ சைடு சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200 முதல் 250 வரை இருக்கலாம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் போயிருக்கிறது. இரண்டும் ஏறி நின்றால் ஃபேன், அழுக்கடைந்த கண்டென்சர், இல்லை கேஸ் அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள். லோ ஏறி, ஹை இறங்கி இருந்தால் கம்ப்ரஸருக்குத் தெம்பு போய்விட்டது. தாம்பரத்தான் சொன்னது நிற்கும்போது இரண்டும் ஏறும் வகை, கேஜ் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

குழாயைத் திறந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். போட்ட பிறகு வால்வை மூடிவைத்து, கேஜ் முள் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து, குளிர் வந்து வந்து போகும். கேஸை அளவுபார்த்து கிராமில்தான் ஏற்ற வேண்டும். பழைய கேஸை வெளியே திறந்துவிடவும் சம்மதிக்காதீர்கள். ஆர்134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் விஷயத்தில் கவனம். மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸருக்கு வேறு ஆயில், சாதாரண ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டுப்போகும்.

தாமிரபரணி

அண்ணா, நீங்கள் சொன்ன கேஜ் அளவெல்லாம் என் வண்டியில் கச்சிதமாக இருந்தது. ஆனாலும் என் பக்கம் அனல், பக்கத்து சீட்டில் குளிர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குளிர் வைக்கிற வண்டி அது. ஏசியைப் போடும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம். ஒரு கடையில் கூலிங் காயிலை மாற்ற வேண்டும், டேஷ்போர்டை முழுக்க இறக்க வேண்டும் என்றார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கீழே தலையை நுழைத்து, உள்ளே இருந்த ஃபிளாப்பைக் கையால் தள்ளினார். சட்டென்று என் முகத்தில் குளிர்ந்த காற்று! ஹீட்டர் சூட்டைக் கலக்கும் ஃபிளாப் பாதியில் நின்றிருக்கிறது, அதன் மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்துபோய். அந்தச் சின்ன மோட்டாரை மட்டும் மாற்றினோம். டேஷ்போர்டை இறக்கச் சொன்னால், முதலில் ஃபிளாப்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.