வீட்டுக்குள் கத்தரி, மிளகாய் நாற்றுப் போடும் புதுசாக வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் ரொறன்ரோ பக்கம் வந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். விதை வடிவாக முளைக்கிறது, நாலைந்து நாளில் நூல் போல நீண்டு சாய்கிறது, பிறகு செத்துப்போகிறது, ஏன்? விதையில் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. ஊரில் நாற்று வெயில் கூடித்தான் வாடும். அதனால் மேடைக்கு மேலே கிடுகு கட்டி, காலையும் பின்னேரமும் பூவாளியால் தண்ணீர் தெளிப்போம். இங்கே அது வெளிச்சம் குறைந்தும் தண்ணீர் கூடியும் சாகிறது. வட்ஸ்அப்பில் அம்மாவிடம் கேட்டால் "ரெண்டு நேரமும் தண்ணி விடு பிள்ளை" என்பார். சுன்னாகத்துச் செம்மண்ணுக்கு அது சரியான பதில், ஏனென்றால் அந்த மண்ணில் தண்ணீர் நிற்காது, அடியில் சுண்ணாம்புக்கல், மேலே காயும் வெயில். ஸ்காபரோ பேஸ்மென்டில் ஒரு பிளாஸ்ரிக் தட்டுக்கு அதே பதில் பொருந்தாது.

முதலில் வெளிச்சம். யன்னலோரம் வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். மார்ச் கடைசியில் இங்கேயும் பகல் 12 மணிநேரத்துக்கு வந்துவிடும், உண்மைதான், ஆனால் சூரியன் ஊரில் போல உச்சிக்கு வராது, முகில் மூடிய நாட்கள் வேறு, யன்னலோ ஒரு பக்கத்து வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும், கன்று அந்தப் பக்கத்தைத் தேடித் தேடியே தண்டு நீண்டு மெலிந்துவிடும். ஊதா நிறத்தில் எரியும் விலை கூடிய விளக்கெல்லாம் தேவையில்லை. கராஜுக்கு மாட்டுகிற நாலடி வெள்ளை எல்ஈடி விளக்கு, பெட்டியில் 5000 அல்லது 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், அது தாராளம். நாற்றின் உச்சிக்கு மேலே 7 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கன்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள். செடி வளர்ப்புக்கென்றே விற்கும் பலமான எல்ஈடி பலகை என்றால் அவ்வளவு கிட்ட வைக்கக் கூடாது, இலை வெளிறிப்போகும், 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் தொடங்கிப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணிநேரம் எரிந்தால் போதும், மிச்ச நேரம் இருட்டு. ரைமர் ஒன்று வாங்கிப் பூட்டிவிடுங்கள், வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. எங்களுக்குப் பகலாக இருக்கும் நேரம்தான் நாற்றுக்கும் பகலாக இருக்கவேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒன்ராறியோவில் நேரத்துக்கு நேரம் மாறும் மின்கட்டணத்தில் இருப்பவர்களுக்கு மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு, ஆகவே மாலை 7 மணிக்கு எரியவிட்டு மறுநாள் காலை 9 மணிக்கு அணைத்தால் 14 மணிநேரம் கிடைத்துவிடும். கரண்டும் வாடகையோடு சேர்ந்தது என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. 40 வாட் விளக்கு 16 மணிநேரம் எரிந்தால் 0.64 யூனிட், மாதத்துக்கு 19 யூனிட் அளவில் வரும். இந்தக் கணக்கோடு போய்க் கதைத்தால் விசயம் சுலபம்.

முளைக்கும்வரை மூடி வைத்திருந்தீர்கள், அடியில் சூட்டு விரிப்பும் வைத்திருந்தீர்கள், சரி. கத்தரிக்கும் மிளகாய்க்கும் முளைக்க 25 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். ஆனால் முதல் முளைகள் தலை நிமிர்ந்ததுமே மூடியை எடுத்துவிடுங்கள். எல்லா விதையும் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முன்னால் முளைத்தவை அந்த ஈரப் புழுக்கத்திலேயே அழுகும். சூட்டு விரிப்பும் அதோடு போதும். 18 முதல் 22 பாகை வரை உள்ள அறையில் கன்று கட்டையாகவும் திடமாகவும் வரும். வெளிச்சம் குறைந்த இடத்தில் சூடு மட்டும் கூடினால் இன்னும் நீளத்தான் செய்யும்.

மிளகாய் முளைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலவற்றில் விதையின் தோல் கழராமல் இரண்டு வித்திலைகளின் நுனியையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இலைகள் பிரிய முயன்று நடுவில் வில்லாக வளைந்திருப்பது தெரியும். நகத்தால் இழுக்காதீர்கள், தலையோடு வந்துவிடும். விரல் நுனியால் ஒரு சொட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தோலின் மேல் வைத்து, ஒரு மணிநேரம் விட்டு, திரும்பவும் ஒரு சொட்டு. தோல் ஊறி இளகினால் பெரும்பாலும் தானே விழும்.

இனித் தண்ணீர். முளைத்த நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தால் குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், ஆனால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர் கோத்து, கிள்ளிவிட்டது போல ஒடுங்கியிருக்கும். இது நாற்றழுகல். பிதியம், றைசொக்ரோனியா போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சணங்களும் பூஞ்சணத்தை ஒத்த கிருமிகளும் செய்கிற வேலை. விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை, அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறிந்துவிடுங்கள். ஊரில் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டு விதை போடுவார்களே, அது இதற்காகத்தான். இங்கே அதற்குப் பதிலாக, விதை போடவென்று விற்கும் கலவையைப் புதிதாக வாங்குங்கள், தோட்டத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், பழைய தட்டு என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள்.

மேலிருந்து ஊற்றவே வேண்டாம். அடித்தட்டில் ஒரு விரல் தடிப்பளவு தண்ணீர் விட்டு, இருபது முப்பது நிமிடம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மறுபடி எப்போது விடுவது என்பதற்கு நாள் கணக்கு வைக்காதீர்கள், தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், நனைந்த தட்டுக்கும் காய்ந்த தட்டுக்கும் உள்ள பாரம் கைக்குப் பழகிவிடும். மேல்மண் நிறம் வெளிறி, பாரமும் குறைந்தால் அப்போது விடுங்கள். அதேநேரம் முழுக்கக் காயவும் விடாதீர்கள், இந்தக் கலவையில் இருக்கும் பீற் என்ற மக்கிய பாசி காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஓரத்தால் வழிந்துவிடும். சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மண்ணின் மேலே பறந்தால் அதுவும் ஈரம் கூடிவிட்டதற்கு அடையாளம். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்திவையுங்கள்.

சின்ன ஃபான் ஒன்றையும் வேகம் குறைத்து ஓடவிடுங்கள், இலை இலேசாக ஆடினால் போதும். மண்ணின் மேற்பரப்பு காயும், தண்டும் ஆடி ஆடித் தடிக்கும். ஃபான் இல்லையென்றால் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிவிடுங்கள், இதிலும் பலன் உண்டு.

தட்டைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். வேர் குளிர்ந்தால் பொஸ்பரஸை எடுக்க முடியாது, தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறும், அதைப் பார்த்துப் பயந்து உரம் போடுவார்கள். மேசைக்கு ஏற்றினாலே பெரும்பாலும் தேறிவிடும். உரம் இப்போதைக்கு வேண்டாம். வித்திலைக்குப் பிறகு வரும் முதல் உண்மையான இலைகள் விரிந்த பிறகு, திரவ உரத்தைப் போத்தலில் சொன்ன அளவில் கால்பங்காகக் கரைத்துக் கிழமைக்கு ஒருமுறை. இரண்டு சோடி இலை வந்ததும் தனித்தனிக் கோப்பைக்கு மாற்றுங்கள். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் கன்றே போச்சு. தக்காளி நீண்டிருந்தால் வித்திலை வரை புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரி, மிளகாயை இருந்த ஆழத்திலேயே நடுங்கள்.

ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஊதாக் கத்தரி விதை கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் விமான நிலையத்தில் அதை மறைக்காமல் அறிவியுங்கள். மண்ணோடு கன்று எதுவும் கொண்டுவராதீர்கள்.

காலக்கணக்கு: கத்தரியும் மிளகாயும் மார்ச் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதிக்குள், தக்காளி மார்ச் கடைசியில். வெளியே நடுவதற்கு இங்கே எல்லோரும் பார்க்கும் நாள் விக்டோரியா டே, மே 25க்கு முந்திய திங்கள். அதற்கு ஒரு கிழமை பத்து நாள் முன்பே கன்றுகளை வெளியே பழக்கத் தொடங்குங்கள், முதல் நாள் நிழலில் ஒரு மணிநேரம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் முழு வெயில். விளக்கின் கீழ் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே பின்னேரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கருகும். இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் திரும்ப உள்ளே எடுங்கள்.

வெண்டி, பாகல், புடோல் போடுகிறவர்கள் இப்போதே அவசரப்படாதீர்கள். அவற்றின் வேரைக் குழப்பினால் சுணங்கிவிடும், ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒரு கோப்பைக்கு ஒரு விதையாகப் போட்டு, மண் சூடான பிறகு ஜூன் முதல் கிழமையில் வேர் கலையாமல் அப்படியே இறக்கி வையுங்கள்.