புது போன் கொதிக்கிறது, மீன் படமும் நிறம் மாறி வருகிறது: மாற்றித் தருவார்களா?

கேள்வி (காசிமேடு)

வணக்கம். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம், பெரம்பூர் பக்கம் வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டால்தான் ஆர்டர். தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்குள் நல்ல கேமரா வேண்டும் என்று, இரண்டு மாதமாக எந்த வீடியோவைத் திறந்தாலும் விளம்பரமாக முன்னால் வந்து நின்ற ஒரு மாடலை 42,000 ரூபாய்க்குத் தவணையில் எடுத்தேன். இன்றோடு ஐந்து நாள்.

காலை ஏழரை வெயிலுக்கே போன் கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது. திரை தானாக மங்கிவிடுகிறது, க்யூஆர் காட்டினால் ஸ்கேன் ஆகவில்லை. கேமராவும் மூடிக்கொள்கிறது. ஐஸ் பெட்டி மேல் இரண்டு நிமிடம் வைத்தால் மறுபடி வேலை செய்கிறது.

அதைவிட மனசு நொந்தது இன்னொன்று. நேற்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பிடித்து படம் எடுத்தேன். கையில் இருந்தது கொஞ்சம் மங்கின சிவப்பு. இரண்டாம் தரம் என்று சொல்லித்தான் விலையும் குறைத்துப் போட்டேன். படத்திலோ ரத்தச் சிவப்பு! ஐந்து வருடமாக வாங்கும் அம்மா, "படத்துல ஒண்ணு, பையில ஒண்ணா?" என்று கேட்டுவிட்டார். நான் ஒருநாளும் அப்படிச் செய்தவள் இல்லை.

கடையில் கேட்டால் "புது போன் அப்படித்தான், ஒரு வாரம் போகட்டும்" என்கிறார்கள். பில்லில் ஏழு நாளைக்குள்தான் மாற்றம் என்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை)

அக்கா, நிறத்துக்கு வழி இருக்கிறது. கேமரா செட்டிங்கில் ஏஐ அல்லது சீன் ஆப்டிமைசர் என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். மீனைப் பார்த்ததும் அது சாப்பாடு என்று எடுத்துக்கொண்டு சிவப்பை ஏற்றிவிடுகிறது. பிரியாணிக்குச் சரி, செவுளுக்குச் சரியில்லை. ஃபில்டர் ஏதாவது போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை, செல்போன் சர்வீஸ்)

முதலில் ஐஸ் பெட்டி மேல் வைப்பதை இன்றே நிறுத்தும்மா. கொதிக்கிற போனைச் சில்லென்று வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும். உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். அது சிவந்திருந்தால் வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் புகாது என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்கு அதை நம்பாதே.

திரை மங்குவதும் கேமரா மூடுவதும் சூட்டிலிருந்து போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. நேர் வெயிலில் எந்த போனும் ஓரளவு இப்படிச் செய்யும். புது போனில் பழைய படங்களை ஏற்றும்போது இரண்டு மூன்று நாள் சூடு கூடுவதும் உண்மைதான். ஆனால் உன் போனில் கோளாறா, வெயில்தான் காரணமா என்று இன்று ராத்திரியே தெரிந்துகொள்ளலாம். கவரைக் கழற்று, சிம்மை எடு, சேஃப் மோடில் (போனோடு வந்த ஆப் மட்டும் ஓடும் நிலை) போட்டு ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் சும்மா வை. அப்போதும் சுட்டால் போன்தான் கோளாறு.

அப்படியென்றால் கடைக்காரர் சொல்லும் அந்த ஒரு வாரம் காத்திருக்காதே. நாளைக்கே சர்வீஸ் சென்டர் போய் ஜாப் ஷீட் வாங்கு. தேதியும் குறையும் எழுத்தில் இருக்க வேண்டும். "செக் பண்ணியாச்சு, ஓகே" என்று வாயால் சொன்னால் வாங்கிக்கொண்டு வராதே.

பதில் (கொருக்குப்பேட்டை)

அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். 2023-இல் ஐபோன் 15 ப்ரோ சூடாகிறது என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது. ஐஓஎஸ் 17.0.3 அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள். ஆனால் அதற்காக ஏழு நாளைக் கோட்டைவிட வேண்டாம்.

பதில் (திருவொற்றியூர்)

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில், பெட்டி, தவணை ரசீது, கடையோடு நடந்த வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஏஐயை அணைத்துவிட்டு அதே வெளிச்சத்தில் வேறொரு வஞ்சிரத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த நிறமே படத்திலும் வந்தது. இரண்டு படத்தையும் அந்த அம்மாவுக்கு அனுப்பி நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு ஒரு கிலோ சங்கரா கேட்டிருக்கிறார்.

ராத்திரி சிம் இல்லாமல், சேஃப் மோடில், ஃபேனுக்குக் கீழே வைத்தும் பின்பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில் நன்றாகச் சுட்டது. ஆறாம் நாள் காலையில் ஏலத்தை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதலில் "ஓகேதான்" என்றார்கள். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, எழுதிக் கொடுங்கள் என்று நின்றேன். அப்புறம் மறுபடி சோதித்து, "சும்மா இருக்கும்போதே சூடாகிறது" என்று ஜாப் ஷீட்டில் எழுதி, மாற்றிக் கொடுக்கலாம் என்று கடைக்கு ஒரு கடிதமும் தந்தார்கள்.

கடைக்காரர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதே மாடல்தான் தருவாராம். வேறு மாடல் கேட்டு வாங்க முடியுமா என்று யாருக்காவது தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள்.