தரங்கம்பாடியில் வாடகை வீடு: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதல் காரணமாக வயதான அம்மாவுடன் தரங்கம்பாடியில் குடியேறவிருக்கிறேன். 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையையும், கடல் அரித்தது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும், சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தையும் வெயில் தாழ்ந்த பொழுதுகளில் நடந்தே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் முதலில் நல்ல வீடு அமைய வேண்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்குமா, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்காமல் எப்படிப் பராமரிக்கிறீர்கள், கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் பொறையாறு பக்கம் குடியிருப்பதுதான் நல்லதா என்பதை அங்கு வசிப்போர் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் தெருக்களையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் எனக்கு அதுவே பெரிய கவலை.