வேகமான சிக்னலை வாங்க வெறும் இன்வெர்ட்டர் போதுமா?

செப்புக்கம்பி:
25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் சிக்னல்) ஒன்று 1.1 வோல்ட்டுக்கும் 1.3 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டு வருகிறது, அதை 3.3 வோல்ட் லாஜிக்காக மாற்ற வேண்டும். வேகமான கம்பாரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜில் எது பெரிது என்று சொல்லும் சிப்) கைவசம் இல்லாததால் நேரே ஓர் இன்வெர்ட்டரில் (ஹையை லோவாகவும் லோவை ஹையாகவும் புரட்டும் லாஜிக் சிப்) கொடுத்தேன். வெளியீடு ஹையிலேயே நிற்கிறது, அசையவே இல்லை. சிப் போய்விட்டதா?

ஓரபிட்:
சிப் நன்றாகத்தான் இருக்கும். அதன் த்ரெஷோல்ட், அதாவது ஹை எது லோ எது என்று பிரிக்கும் எல்லை, 1.65 வோல்ட் வாக்கில். உங்கள் சிக்னல் அந்தப் பக்கமே போகவில்லையே. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், சிக்னலை 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகக் கொடுங்கள். இன்வெர்ட்டர் தானாகவே தன் த்ரெஷோல்டில் போய் உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் 200 மில்லிவோல்ட் ஆட்டமே தாராளம். ஒன்று முக்கியம், பெயரில் 'யு' உள்ள பஃபர் இல்லாத, அதாவது உள்ளே ஒரே பெருக்கக் கட்டம் உள்ள வகையாகப் பாருங்கள் (74எல்விசி1ஜியு04 மாதிரி). சாதாரண வகையில் உள்ளே மூன்று கட்டம் இருக்கும், ரெசிஸ்டர் போட்டதும் அது தன்பாட்டுக்கு ஆசிலேட் ஆக (சிக்னல் இல்லாமலே ஆட) தொடங்கும், அப்புறம் எது சிக்னல் எது கூத்து என்று தெரியாது.

செப்புக்கம்பி:
போட்டேன், கிளாக் அழகாக வருகிறது! ஆனால் அதே சுற்றில் டேட்டா கொடுத்தால், வரிசையாக நிறைய சுழியம் வரும் இடத்தில் வெளியீடு கன்னாபின்னாவென்று துடிக்கிறது.

ஓரபிட்:
துடிக்கத்தான் செய்யும். லைன் மாறாமல் நின்றால் உள்ளீடு மெல்ல த்ரெஷோல்டுக்கே திரும்பிவிடும், பிறகு துளி இரைச்சல் வந்தாலும் புரளும். 8பி/10பி குறியீட்டில் (8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பும் முறை) ஒரே பிட் தொடர்ந்து ஐந்துக்கு மேல் வராதபடி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறியீடு போட வழியில்லை என்றால் கெப்பாசிட்டரை மறந்துவிட்டு டிஃபரென்ஷியல் ரிசீவருக்கு (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கும் சிப்) போங்கள்.

அரைவோல்ட்:
சப்ளையை யாரும் சொல்லவில்லையே. இந்த த்ரெஷோல்ட் சப்ளையில் ஏறக்குறைய பாதி, அதனால் சப்ளை 50 மில்லிவோல்ட் ஆடினால் இதுவும் 25 ஆடும். உங்கள் 200 மில்லிவோல்ட் விளிம்பு (லோவிலிருந்து ஹைக்கு மாறும் இடம்) ஏற 2 நானோசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விளிம்பு 250 பிகோசெகண்ட் நகர்கிறது. 25 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 40 நானோசெகண்ட், கண்ணுக்கே தெரியாது. இதே சுற்றில் நொடிக்கு 500 மெகாபிட் ஓட்டிப் பாருங்கள், ஒரு பிட்டே 2 நானோசெகண்ட்தான், அதில் எட்டில் ஒரு பங்கு அங்கேயே காலி. இந்த ஒரு இன்வெர்ட்டருக்கு மட்டும் ஃபெரைட் பீடும் (சப்ளை இரைச்சலைத் தடுக்கும் சிறு பாகம்) காலடியிலேயே ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் தனியாகக் கொடுங்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் இரண்டு டிரான்சிஸ்டரும் பாதி திறந்தே கிடக்கும், மில்லிஆம்பியர் கணக்கில் இழுக்கும். பேட்டரியில் ஓட்டுவதென்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்புக்கம்பி:
சப்ளை பக்கத்து மோட்டார் டிரைவரிலிருந்துதான் வருகிறது... சரி, முதலில் பீடைப் போடுகிறேன்.