மறு: ஹைபர்னாக்குலம் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சியுண்ணும் செடிகளின் கையேட்டில் ‘ஹைபர்னாக்குலம்’ (சில செடிகள் குளிர்காலத்தைக் கடக்கச் சுருண்டுகொள்ளும் நிலை) என்பதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். படம் பார்க்காமலேயே சிலர் பெயர் வைத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம்.

இலையின் பசைத்துளியால் பூச்சி பிடிக்கும் வட்ட இலை அழுகண்ணி (ட்ரொசீரா ரொட்டண்டிஃபோலியா) குளிர்நாட்டுச் செடி. பகல் குறுகிக் குளிர் ஏறும்போது புது இலை விரிப்பதை நிறுத்திவிடும். பழைய இலைகள் பசைத்துளி வற்றி, கறுத்து, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மிளகளவில் ஒரு பச்சை முடிச்சு மட்டும் மிஞ்சும். அதுதான் ஹைபர்னாக்குலம். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், விரியாத இலைகள் உள்நோக்கிச் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று இறுக்கமாக மூடியிருப்பது தெரியும். வசந்தத்தில் செடி மறுபடி விரிவது இதிலிருந்துதான். விவரம் தெரியாதவர்கள் “செடி போய்விட்டது” என்று தொட்டியோடு கொட்டிவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே, பெயரைக் கேட்டதுமே இது உயிரோடு இருக்கிறது என்று விளங்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் அளவுகோல்.

> குளிர்மொட்டு போதுமே. எளிது, பார்த்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. மொட்டு என்றால் தமிழில் பூதான் நினைவுக்கு வரும். இது பூமொட்டு அல்ல, இலைகளின் சுருள். இதில் நடைமுறை ஆபத்தும் உண்டு. வீனஸ் பூச்சிப்பொறிச் செடி பூக்கத் தொடங்கினால் வலுவிழக்கும். மொட்டைத் தண்டோடு கிள்ளிவிடுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. அதே கையேட்டில் அடுத்த பக்கத்தில் “குளிர்மொட்டு” என்று எழுதினால், படிப்பவர் அதையும் கிள்ளிப்போடுவார்.

> லத்தீன் மூலத்தின்படி ‘குளிர்கால உறைவிடம்’தான் சரி.

வௌவால் அடையும் குகைக்கும் பாம்பு சுருண்டு கிடக்கும் பொந்துக்கும் அது சரி. அங்கேயும் இதே லத்தீன் சொல்தான் புழங்குகிறது. செடிக்குப் பொருந்தாது. இது செடி போய்த் தங்கும் இடம் இல்லை, செடியே இதுதான். பிங்குவிகுலா வல்காரிஸ் என்ற இன்னொரு பூச்சியுண்ணும் செடி இந்த நிலையில் வேர்கூட இல்லாமல் மண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வேகமாக ஊற்றினால் உருண்டு போய்விடும்.

உறங்குமொட்டு என்பதையும் விட்டுவிடலாம். மரக்கிளைகளில் முளைக்காமல் கிடக்கும் மொட்டுக்கு அது தேவைப்படும்.

என் பரிந்துரை: துயில்குருத்து. குருத்து என்றால் உள்ளே சுருண்டிருக்கும் இளம் இலை என்று தோட்ட வேலை தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “குருத்து நன்றாக இருக்கிறது” என்றால் செடி பிழைத்துக்கொண்டது என்று பொருள். குருத்து அழுகல் என்ற நோய்ப்பெயரும் கையிலேயே இருக்கிறது. இந்தச் செடிகள் குளிர்காலத்தில் சாவது பெரும்பாலும் அப்படித்தான்: காய்ந்த இலைகளில் சாம்பல் பூஞ்சை பிடித்து நடுவுக்கு இறங்கிவிடும்.

உறங்குநிலை பாடநூலில் இருப்பதால் ‘உறங்குகுருத்து’ என்று கேட்டவருக்கு: பொருளில் குறையே இல்லை. கு-கு என்று நாக்கு இடறுகிறது, அவ்வளவுதான். ‘துயிற்குருத்து’ என்று புணர வேண்டாமா என்ற கேள்வியும் வந்தது. துயிலைப் பெயராக எடுத்தால் வேண்டும். நான் வினைத்தொகையாக எடுக்கிறேன். துயின்ற, துயில்கின்ற, துயிலும் குருத்து. அப்போது லகரம் திரியாது.

கையேட்டில் எப்படி உட்காருகிறது என்று எழுதிப் பார்த்தேன்:

“துயில்குருத்து உருவானதும் தொட்டியின் தட்டில் தண்ணீர் தேக்குவதை நிறுத்துங்கள், பீட் மண் ஈரமாக இருந்தால் போதும். ஊற்றுவது மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோதான். உப்பு கலந்த நீரும் உரமும் எந்தக் காலத்திலும் கூடாது. கறுத்த இலைகளைக் கத்தரித்து எடுங்கள். குளிர்காலமே இல்லாத ஊரில், துயில்குருத்தை ஈரமான ஸ்பாக்னம் பாசியில் பொதிந்து, பையில் மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 3 முதல் 4 மாதம் வைக்கலாம், உறைய விடாதீர்கள். இடையிடையே எடுத்து விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். கொழகொழவென்று நசுங்கினால் குருத்து அழுகிவிட்டது.”

இதே பத்தியில் ‘குளிர்கால உறைவிடம்’ போட்டுப் படித்துப் பாருங்கள். உறைவிடத்தைப் பாசியில் பொதிந்து குளிர்பெட்டியில் வைப்பதா?

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். எல்லா அழுகண்ணிக்கும் துயில்குருத்து கிடையாது. வெப்பநாட்டு ட்ரொசீரா பர்மானியை இப்படிக் குளிர்பெட்டியில் வைத்தால் நாமே கொன்றதாகிவிடும். வீனஸ் பூச்சிப்பொறிக்குக் குளிர் ஓய்வு வேண்டும். ஆனால் அது குருத்தாகச் சுருளாமல், குட்டையான சில இலைகளோடு தரையை ஒட்டிக் கிடக்கும். அதற்கு உறங்குநிலை என்ற சொல்லே போதும்.

அப்புறம், ட்யூரியனுக்கும் (நீர்ச்செடிகளின் குளிர்கால நுனிச்சுருள்) இதையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நீரில் வாழும் பூச்சியுண்ணும் செடியான யூட்ரிகுலேரியாவின் நுனி சுருண்டு, தாய்ச்செடியிலிருந்து பிரிந்து, குளத்தின் அடிக்குப் போய்விடும். அதற்கு ‘அமிழ்குருத்து’ எப்படி? மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.