மவுண்டிங்: அதிர்வணையா, சும்மாடா?

தூத்துக்குடியிலிருந்து:
வணக்கம். விசைப்படகு எஞ்சின் பராமரிப்புக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உட்காரும் ரப்பரும் இரும்பும் சேர்ந்த துண்டைப் பட்டறையில் மவுண்டிங் என்கிறார்கள். 'தாங்கி' என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே பேரிங்குக்கும் தாங்கி வருகிறது. வேறு சொல் உண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
இங்கே பேரிங்கைப் போதிகை என்போம். கோயில் தூணின் உச்சியில் உத்தரத்தை ஏந்தி நிற்கிறதே, அதே சொல். நீங்களும் அதை எடுத்துக்கொண்டால் தாங்கி மவுண்டிங்குக்குக் கிடைத்துவிடும்.

மதுரையிலிருந்து:
போதிகை நல்ல சொல்தான், ஆனால் இங்கே பழகவில்லை. நான் 'அதிர்வணை' என்பேன். தலையணை, பஞ்சணை, அரியணை எல்லாமே மேலே இருப்பதைத் தாங்கும் இருக்கை. அணைத்தால் தழுவல். ஆற்றை மறிப்பதும் அணை, விளக்கை அவிப்பதும் அணைத்தல். அண்மை, அண்டை, அணுகு என்று அந்த வேரைப் பிடித்துக்கொண்டே போகலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:
ஐயா, பையன் கடையில் போய் அதிர்வணை கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? மவுண்டிங் என்றே விடுங்கள்.

சென்னையிலிருந்து:
மதுரை ஐயா சொன்ன 'விளக்கை அணைத்தல்'தான் எனக்கு உறுத்துகிறது. மவுண்டிங் அதிர்வை அணைப்பதில்லை. எஞ்சின் ஆடட்டும், அந்த ஆட்டம் கலத்தின் உடம்புக்குப் போகாமலிருந்தால் போதும் என்பதே இதன் வடிவமைப்பு. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25, அதாவது 25 ஹெர்ட்ஸ். மவுண்டிங் மேல் உட்கார்ந்த எஞ்சினின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை, அதில் மூன்றில் ஒரு பங்காக, 8 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால், எட்டில் ஒரு பங்கு விசைதான் கீழே கடக்கும். அதற்கு எஞ்சினின் எடையிலேயே ரப்பர் சுமார் 3.6 மி.மீ. அமுங்க வேண்டும். வலுவாக இருக்கட்டும் என்று விறைப்பான ரப்பரைப் போட்டால் இயல்பு அதிர்வெண் 25-ஐ நெருங்கி, இரண்டும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வு வரும்; மவுண்டிங்கே இல்லாததைவிட மோசம். தணிப்பு, அதாவது ஆட்டத்தை உறிஞ்சி அடக்குவது, வேறு சங்கதி. எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் அந்த 8 ஹெர்ட்ஸைக் கடக்கையில் குலுங்குமே, அதை அடக்கக் கொஞ்சம் தணிப்பு வேண்டும். ஓட்ட வேகத்திலோ அதே தணிப்பு அதிர்வைக் கூடுதலாகத்தான் கடத்தும்! இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பினால் மாணவர் தவறான ரப்பரை வாங்குவார். நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: சும்மாடு. சுமைக்கும் தலைக்கும் நடுவே அமுங்கிக் கொடுப்பது.

மதுரையிலிருந்து:
அருமை! சும்மாட்டின் பழைய வடிவம் சுமடு. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆய்மகள் குழிசியை, அதாவது பானையை, 'பூஞ்சுமட்டு இரீஇ', சுமட்டின் மேல் வைத்துப் போகிறாள். பூவேலை செய்த சுமடா, மெல்லிய சுமடா என்று உரைகளைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் என் வாக்கு அதிர்வணைக்கே. அணையில் தழுவல் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:
சும்மாடு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது சும்மா வைப்பது, போல்ட் போட்டு இறுக்குவதில்லை. படகு உருளும்போது எஞ்சினைப் பிடித்து நிறுத்துவதும் மவுண்டிங்தானே?

யாழ்ப்பாணத்திலிருந்து:
அப்படியானால் தழுவுகிற அணையே பொருந்தும். நானும் அதிர்வணை.

தூத்துக்குடியிலிருந்து:
சரி, அதிர்வணை என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் பட்டறையில் மவுண்டிங் என்பார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். சென்னை ஐயாவின் கணக்கு தனிப் பத்தியாக, சும்மாடு உவமையோடு வருகிறது.

சென்னையிலிருந்து:
பத்திக்கு நன்றி. சொல்லை நான் ஏற்கவில்லை. அணை என்றால் அணைத்துவிடும் என்றுதான் படிப்பார்கள். என் வகுப்பில் சும்மாடுதான்.