மூன்று ஸ்டாட்டிக் ரூட்டில் ஒன்றுதான் ஓஎஸ்பிஎஃப்-ல் போகிறது

கேள்வி:
சிஸ்கோ ரூட்டர், ஐஓஎஸ் (அதன் இயங்குதளம்) 12.4. ஆர்1 என்ற ரூட்டரில் மூன்று ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி): 172.20.0.0/16, டீஃபால்ட் அதாவது வேறு ரூட் இல்லாத பாக்கெட்டுக்கான வழி (இரண்டும் 192.168.1.2 வழியாக), 10.20.30.0/24 (ஃபயர்வால் 192.168.5.2 வழியாக). ரூட்டர்கள் தங்களுக்குள் ரூட்டைப் பகிரும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-ல் இவற்றைச் சேர்க்க, 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1'-க்குள் 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்' கொடுத்தாச்சு. வேறு ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் வேறு பகுதி) இருக்கும் ஆர்2 ரூட்டரில் 172.20.0.0 மட்டும் 'ஓ ஈ2' (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து சேர்த்த ரூட்), மெட்ரிக் 20 என்று தெரிகிறது. மற்ற இரண்டும் எங்கே?

பதில் 1:
வந்த ரூட்டைப் பாருங்க, காரணம் புரியும். பழைய ஐபி வகுப்பு முறையில் 172.20.0.0/16 கிளாஸ் பி-யின் இயல்பான மாஸ்க் (நெட்வொர்க் அளவு), 10.20.30.0/24 கிளாஸ் ஏ-யைத் (/8) துண்டு போட்டது. 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக் சப்நெட்ஸ்' என்று கொடுத்தால்தான் துண்டுகள் போகும். கமாண்ட் அடித்தபோதே இதைச் சொல்லி ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், அதை யார் படிக்கிறார்கள்!

டீஃபால்ட் ரூட் இந்தக் கமாண்டில் எப்போதுமே போகாது. அதற்கு 'டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' தனியாக வேண்டும். கூடவே 'ஆல்வேஸ்' போடாதீங்க: ஆர்1-ல் டீஃபால்ட் ரூட் விழுந்த பிறகும் விளம்பரம் நிற்காது, பாக்கெட் எல்லாம் ஆர்1-க்கு வந்து சாகும்.

பதில் 2:
'சப்நெட்ஸ்' மட்டும் போட்டு விட்டுவிட்டால், நாளைக்கு யாரோ சோதனைக்குப் போடும் /32 (ஒரே முகவரிக்கான) ஸ்டாட்டிக்கும் எல்லா ரூட்டருக்கும் போய்விடும். வேண்டிய இரண்டையும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டில் (நெட்வொர்க்குகளின் பட்டியல்) எழுதி, அதை ரூட்-மேப்பில் (எது போகலாம் என்று சொல்லும் விதி) 'மேட்ச்' செய்து, அடையாள எண்ணாக 'செட் டேக் 100' சேர்த்து, ரீடிஸ்ட்ரிபியூட் வரியில் மாட்டுங்க. லிஸ்ட்டில் இல்லாதது தானாக மறுக்கப்படும். வேறொரு ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகளை ஈஐஜிஆர்பி (இன்னொரு ரூட்டிங் நெறிமுறை)-க்கு மாற்றினால், சுற்றி வரும் ரூட்டை அந்த டேக்கை வைத்துத் தடுக்கலாம்.

கேட்டவர்:
டீஃபால்ட் வந்துவிட்டது. 10.20.30.0 ஆர்2-ன் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல்'-ல் இருக்கு, ரூட்டிங் டேபிளில் மட்டும் ஏறவில்லை.

பதில் 1:
அந்த எல்எஸ்ஏ-வில் (ரூட்டை அறிவிக்கும் ஓஎஸ்பிஎஃப் செய்தி) ஃபார்வர்டு அட்ரஸ் (பாக்கெட்டை அனுப்ப வேண்டிய முகவரி) என்ன? 0.0.0.0 இல்லாமல் 192.168.5.2 என்றிருந்தால், ஃபயர்வால் பக்கத்து இன்டர்ஃபேஸிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. அப்போது 192.168.5.2-க்கு ஆர்2-ல் 'ஓ' (அதே ஏரியா) அல்லது 'ஓ ஐஏ' (வேறு ஏரியா) ரூட் இருந்தே ஆகணும். 'ஓ ஈ2' டீஃபால்ட் கணக்கில் சேராது. இடையில் ஏபிஆர்-ல் (ஏரியாக்களை இணைக்கும் ரூட்டர்) ஃபில்டர்-லிஸ்ட் 192.168.5.0/24-ஐ வெட்டுகிறதா பாருங்க.

கேட்டவர்:
வெட்டுகிறது. அந்த ஃபில்டரை எடுக்க அனுமதி இல்லை.

பதில் 2:
எடுக்க வேண்டாம். ஃபயர்வால் ஓஎஸ்பிஎஃப் பேசாது என்றால் ஆர்1-ல் அந்த இன்டர்ஃபேஸுக்கு 'பாசிவ்-இன்டர்ஃபேஸ்' (அந்தப் பக்கம் ஓஎஸ்பிஎஃப் பேச்சை நிறுத்தும் கமாண்ட்) கொடுங்க. ஃபார்வர்டு அட்ரஸ் 0.0.0.0 ஆகும்; ஆர்2 நேராக ஆர்1-ஐ நோக்கி அனுப்பும்.